தன்சலும் பந்தியும்

வெசாக் பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் இலங்கையின் தென்பகுதியில் ஒரு பேருந்து நினைத்த நேரத்துக்கு ஊர் போய்ச் சேராது. சந்திக்குச் சந்தி, பௌத்தக் கொடியை வீசியபடி பையன்கள் சாலையின் நடுவுக்கே வந்து மறிப்பார்கள். இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று கெஞ்சுவார்கள். வழியில் போகிறவர்களுக்கு இலவசமாக உணவு கொடுக்கும் இந்தப் பந்தலுக்குத் தன்சல் என்று பெயர். சோற்றுத் தன்சலுக்கு வரிசை நீளும். கடலைத் தன்சல், ஐஸ்கிரீம் தன்சல், அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும், பெலி மலர் ஊறிய குடிபானம், நடுநிசியில் கோப்பி. எதற்கும் காசில்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் தண்டிய பணமும் அரிசியும் தேங்காயும்தான் முதல். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அனுமதி வாங்கிவிட்டால் அடுப்பு மூட்டலாம். பெரியவர்கள் கிடாரத்தைப் பார்த்துக்கொள்வார்கள், இளைஞர்கள் பரிமாறுவார்கள், கோப்பை கழுவுவது, தண்ணீர் ஊற்றுவது, வண்டியை மறிப்பது எல்லாம் சின்னப் பிள்ளைகளின் பொறுப்பு. சில ஒழுங்கைகளில் பெரியவர்களின் துணையே இல்லாமல், ஒரு மேசையும் ஒரு வாளிக் குளிர்பானமுமாகப் பிள்ளைகள் தாங்களே தன்சல் போட்டுவிடுவார்கள்.

இதில் என்னைத் தொடுவது, கொடுக்கிறவர் கெஞ்சுவதும் வாங்குகிறவர் பெரிய மனது பண்ணி இறங்கிவருவதும்தான். ஈகையைப் பற்றி நாம் சாதாரணமாக மனதில் வைத்திருக்கும் உயரக் கணக்கு அங்கே தலைகீழாகிறது. பௌத்த நம்பிக்கைப்படி தானத்தை ஏற்பவர் இல்லையென்றால் கொடுப்பவருக்குப் புண்ணியமில்லை. ஆகவே ஏற்பவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். பத்து வயதுப் பையனுக்கு இந்தத் தத்துவத்தை யாரும் விளக்குவதில்லை. விலையுயர்ந்த காரில் வருகிறவரையும் முச்சக்கரவண்டிக்காரரையும் ஒரே குரலில் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவனுக்குச் சொல்லப்பட்டது. பசிக்கிறவர் யார், பசிக்காதவர் யார் என்று பிரிக்கும் வேலையை அவனுக்குத் தரவில்லை. ஒரு குழந்தைக்கு இதைவிட நல்ல தொடக்கப் பாடம் எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு இணையாக எதைச் சொல்வது? மதுரைச் சித்திரைத் திருவிழாவைத்தான் முதலில் சொல்வேன். அழகர்கோவிலிலிருந்து வைகைக்கு அழகர் வரும் வழியெல்லாம் மண்டகப்படிகள். மக்கள் நிற்கும் தெருவெல்லாம் நீர்மோர், பானகம், புளியோதரை. வாசலில் அண்டாவை வைத்துவிட்டு வீட்டுக்காரர்கள் செம்பைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களுக்கும், ஆகஸ்ட் மாதக் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களுக்கும் வழியோர ஊர்கள் சோறும் தண்ணீரும் கொடுக்கின்றன. யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் சனசமூக நிலையத்து இளைஞர்கள் தாகசாந்தி நிலையம் போட்டுச் சர்க்கரைத் தண்ணீரும் மோரும் கொடுப்பது இதே மரபின் இன்னொரு கிளை. தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகனை ஊரார் அன்னதானக் கந்தன் என்றே அழைக்கிறார்கள்.

ஆனால் தமிழ்நாட்டில் அன்றாட ஈகை பெரும்பாலும் நிறுவனங்களின் கைக்குப் போய்விட்டது. கோடை வந்தால் கட்சிகள் நீர்மோர்ப் பந்தல் திறக்கின்றன. திறப்பு நாளில் தர்ப்பூசணியும் வெள்ளரியும் உண்டு. அதற்குப் பிறகு தலைவர் படத்தின் கீழே பானை காய்ந்து கிடப்பதைப் பார்க்கும் குழந்தை எதைக் கற்கும் என்று எண்ணினால் கவலையாக இருக்கிறது. 2002-இல் அரசு தொடங்கிய கோயில் அன்னதானத் திட்டம் எத்தனையோ முதியவர்களுக்கு மதியச் சோறு போடுகிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே குழந்தைக்கு வேலை இல்லை. வரிசையில் நிற்கலாம், உட்காரலாம், சாப்பிடலாம், எழுந்து போகலாம்.

ஒன்று மட்டும் இரு கரைகளிலும் அப்படியே இருக்கிறது: சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒன்றைக் குறுக்கே போட்டது. தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் உதவியின்றி இறக்கி வைத்து, மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றுப்பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை நிறுத்தும் வழக்கம் தமிழ்நாட்டிலும் உண்டு, யாழ்ப்பாணத்திலும் உண்டு. இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, இனி வருகிற யாரும் இறக்கிவைக்க ஓர் இடம். பக்கத்திலேயே மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரஞ்சிக் கல் இருக்கும். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் வாசலில் கூரை போட்ட சங்கடப்படலை நிற்கும். வழிப்போக்கர் ஒதுங்கவும் தண்ணீர் குடிக்கவும் அங்கே இடமுண்டு. பருத்தித்துறையில் தெருவையே மூடிக் கட்டிய தெருமூடிமடம் இன்றும் இருக்கிறது. இந்தக் கல் எதற்கு என்று பிள்ளை கேட்டால் அம்மாவோ ஆச்சியோ சொல்லும் பதிலில் ஒரு சாவும் இருக்கும், ஒரு கருணையும் இருக்கும். தலைச்சுமைக்காரர்கள் போய்விட்டார்கள். சாலையை அகலப்படுத்தும்போது கல்லும் போகிறது. கேட்க வேண்டிய அந்தக் கேள்வியும் அதோடு போகிறது.

கதைகளுக்கு வருவோம். பிள்ளைகளுக்குக் கொடையைப் பற்றிச் சொல்லும் கதைகளில் இரு நாடுகளும் வியக்கும்படி ஒத்துப்போகின்றன. அநுராதபுரத்தை மூன்றாம் நூற்றாண்டில் ஆண்ட சிறிசங்கபோ அரசைத் துறந்து போன பிறகு, அவன் தலைக்கு விலை வைக்கப்பட்டது. தன் உணவைப் பகிர்ந்த ஏழை வழிப்போக்கன் அந்தப் பரிசைப் பெறட்டும் என்று தலையையே கொடுத்தான் என்பது சிங்களப் பிள்ளைகள் கேட்டு வளரும் கதை. அத்தனகல்லையில் அவன் நினைவு நிற்கிறது. தம்பி தலைக்கு விலை வைக்க, காட்டில் இருந்த குமணன், பரிசில் கேட்டு வந்த பெருந்தலைச் சாத்தனாரிடம் வாளை நீட்டியது தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் கதை. இரண்டும் ஒரே கதை போலவே இருக்கின்றன. ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு அரசும் இல்லை, தலைக்கு விலையும் இல்லை. வியக்கலாம், செய்து பார்க்க முடியாது.

இதைவிட என்னை அலைக்கழிக்கும் கதைகள் வேறு. வெஸ்ஸந்தர ஜாதகத்தில் அரசகுமாரன் தன் இரு பிள்ளைகளையும் ஜூஜகன் என்ற பிராமணனுக்குத் தானமாகக் கொடுத்துவிடுகிறான். பிள்ளைகள் பயந்து தாமரைக் குளத்துக்குள் ஒளிகிறார்கள். அப்பா கூப்பிட, வெளியே வருகிறார்கள். கண்டிக்கு அருகே தெகல்தொருவை விகாரையின் குகைச்சுவரில் இந்தக் கதை நீளமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. நம் பக்கத்தில் சிறுத்தொண்டர், அடியார் கேட்டார் என்று மகன் சீராளனையே கறியாக்கிப் படைக்கிறார். இரண்டிலும் முடிவில் பிள்ளைகள் மீண்டு வருகிறார்கள். என்றாலும், கேட்கும் குழந்தை அந்த முடிவு வரும்வரை யார் பக்கம் நின்று கேட்கும்? குளத்துக்குள் ஒளிந்திருக்கும் பிள்ளைகளின் பக்கம்தான். பெரியவர்களின் தியாகத்துக்குக் குழந்தையைப் பொருளாக்கும் கதையைக் குழந்தையிடமே கொண்டுபோய் ஈகைப் பாடம் என்று கொடுப்பது சரியென்று எனக்குப் படவில்லை. எனக்கு அப்பூதியடிகள் வரலாறு வேண்டும். திங்களூரில் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தல் வைத்தவர் அவர். அந்தக் கதையிலும் பாம்பு கடிக்கிறது, சாவு வருகிறது. ஆனால் அந்த வீட்டு மூத்த பிள்ளை தோட்டத்துக்குப் போனது விருந்தினருக்கு வாழைக்குருத்து அரிய. அது அவனுடைய வேலை. விருந்தில் அவனுக்கும் ஒரு பங்கு இருந்தது.

பள்ளிக்கூடம் இவற்றைச் சொல்லிக்கொடுக்கும் விதத்தில்தான் பெரிய வேறுபாடு. இலங்கையில் சமயம் ஒரு கட்டாயப் பாடம். பௌத்தம், சைவம், கிறிஸ்தவம், இஸ்லாம் என்று அவரவர் சமயத்தை அவரவர் படிக்க வேண்டும். பல சமயத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அந்த மணி அடித்ததும் வகுப்பு பிரிந்து வெவ்வேறு அறைக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுத்திப் போகும் பௌத்த அறநெறிப் பாடசாலை இதற்கு மேலே ஒன்று. ஆக, கருணையைப் பற்றிய பேச்சை ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தின் அறைக்குள் இருந்துதான் கேட்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் சமயப் பாடம் கிடையாது. ஆத்திசூடியும் குறளும் பாரியும் பேகனும் எல்லாருக்கும் பொதுவாகத் தமிழ் வகுப்பில் வருகிறார்கள். இந்தப் பொதுமை தமிழ்நாட்டின் பெரும் பேறு என்று நினைக்கிறேன்.

ஆனால் பாடம் பொது, பந்தி பொதுவா? அந்தக் கேள்வி ஏறக்குறைய ஒரே காலத்தில் இரு நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளின் தட்டிலும் வந்து விழுந்தது. 1920-களின் நடுவில் வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவர் தனியே உண்ண விடப்பட்டார்கள் என்பதில் எழுந்த கிளர்ச்சி தமிழ்நாட்டு அரசியலையே புரட்டியது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்து நின்றார்கள். தேசத்துக்காக எல்லாவற்றையும் இழக்கத் துணிந்த மனிதர்கள் நடத்திய பள்ளி அது. பந்தியைப் பிரிக்காமல் இருக்க அங்கேயும் முடியவில்லை. சில ஆண்டுகளில், 1929-இல், யாழ்ப்பாணத்தில் உதவி பெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் தர வேண்டும் என்று கல்வித் திணைக்களம் உத்தரவிட்டது. அதுவரை ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் தரையில் இருந்தார்கள். உத்தரவு வந்த பிறகு சில பள்ளிகளுக்குத் தீ வைக்கப்பட்டது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்தின் பக்கம் நின்றது அந்நாளின் பெரிய துணிவு.

அதனால்தான் கொடுப்பதை மட்டும் கற்பித்தால் போதாது என்கிறேன். யார் கையிலிருந்தும் வாங்கி உண்ணவும் யார் பக்கத்திலும் உட்காரவும் பழகுவது ஈகையின் மறுபாதி. பணக்கார வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாளன்று இனிப்புக் கொடுக்கத் தெரிந்திருக்கும். துப்புரவுப் பணியாளர் நீட்டும் தண்ணீரை வாங்கிக் குடிக்கத் தெரியாமல் இருக்கும். இந்த மறுபாதியில் தமிழ்நாடு செய்திருப்பது பெரிது. 1920-இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, 1956-இல் காமராஜர் காலத்தில் ஊரார் நன்கொடையையும் சேர்த்துக்கொண்டு மாநிலத்தில் விரிந்தது, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவாயிற்று, 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. பல கோடிப் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பது யார் பிள்ளை என்று கேட்காமல் ஒரே வரிசையில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். கல்வெட்டில் பெயர் வராத பெரும் அறம் இது.

அந்த வரிசையிலும் 2023-இல் கீறல் விழுந்தது. கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் சில பள்ளிகளில் தலித் பெண் சமைத்த காலை உணவைத் தங்கள் பிள்ளைகள் உண்ணக்கூடாது என்று பெற்றோர் தடுத்தார்கள். ஆட்சியரும் மக்கள் பிரதிநிதியும் போய் அதே உணவை உண்டு பேச வேண்டியிருந்தது. பசித்த பிள்ளையின் தட்டைத் தடுத்தது பள்ளி அல்ல, வீடு. இங்கே தன்சலிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. காலை உணவுக்கூடத்தில் வாரத்துக்கு ஒருநாளாவது பிள்ளைகளே, சாதி பார்க்காமல் முறை வைத்துப் பரிமாறட்டும். சூடான பாத்திரத்தைப் பெரியவர் பிடித்துக்கொள்ளலாம்; கரண்டி பிள்ளையின் கையில் இருக்கட்டும். தன் பிள்ளையே எல்லார் தட்டிலும் பரிமாறுகிறான் என்றால், அடுத்தவர் கை பட்டதென்று அந்த வீட்டால் எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருக்க முடியும்?

இலங்கையிடமும் கேட்க ஒன்று இருக்கிறது. வெசாக் வரும் அதே மே மாதத்தில் வடக்கிலும் கிழக்கிலும் இன்னொரு பானை அடுப்பேறுகிறது. 2009 போரின் கடைசி மாதங்களில், முற்றுகைக்குள் அரிசியும் தண்ணீரும் உப்புமாகக் காய்ச்சிய கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒன்றுமில்லாதவர்கள் இருந்ததைப் பகிர்ந்த அந்த நாட்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிச் சிரட்டையில் கொடுக்கிறார்கள். போருக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் அதைக் குடித்துப் பார்க்கிறார்கள். பால் இல்லை, இனிப்பு இல்லை. ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல அம்மாவோ அம்மம்மாவோ பக்கத்தில் இருக்கிறார். 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் இந்தக் கஞ்சிக்காகப் பெண்கள் உட்படச் சிலர் கைது செய்யப்பட்டார்கள். அதே மாதத்தில் தெற்கின் சாலைகளில் தன்சல்கள் நடந்தன. வடக்கில் படையினரும் தன்சல் போட்டார்கள். சாலையோரத்தில் சோறு கொடுப்பது புண்ணியம் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லும் நாடு, சாலையோரத்தில் கஞ்சி கொடுப்பது குற்றம் என்று இன்னொரு பிள்ளைக்கு அன்று சொன்னது. சோற்றுத் தன்சலுக்குக் கிடைக்கும் அனுமதி அந்தக் கஞ்சிப் பானைக்கும் கிடைக்க வேண்டும். அது மட்டும் போதாது. கொழும்பிலிருந்தும் காலியிலிருந்தும் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வடக்கே வந்து, வரிசையில் நின்று, ஒரு சிரட்டைக் கஞ்சி கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டும். அது என்ன கஞ்சி என்று பிள்ளை கேட்டால், அந்தப் பெற்றோரே பதில் சொல்ல வேண்டும்.