தேர்க்காலும் பொலிஸ் சில்லும்

பெரியபுராணத்தில் வரும் மனுநீதிச் சோழன் கதையைத் தந்தையொருவனின் தியாகமாகவே நாம் படித்தும் படிப்பித்தும் வருகிறோம். ஆனால், அக்கதையின் உயிர்நிலை அரசனுக்கும் அமைச்சர்க்கும் இடையே நிகழும் வாதத்திலன்றோ இருக்கிறது! கன்று எதிர்பாராது தேர்க்காலிற் புகுந்தது; மறை விதித்த கழுவாய் போதும் என்கின்றனர் அமைச்சர். பிறன் கொன்றால் தண்டனை, என் மகன் கொன்றால் கழுவாயோ என்று மறுக்கிறான் சோழன்.

பொலிஸ் வாகனம் ஒருவனைத் துரத்திச் செல்கையில் வீதியோரம் நின்றவர் அடிபட்டால், இன்றும் அவ்வமைச்சர் குரலே ஒலிக்கிறது. ‘கடமையின்போது நேர்ந்தது, ஓடியவனே காரணம்.’ திருகோணமலை உட்துறைமுக வீதியில் மீன் விற்கும் பெண்ணும் பள்ளி விட்டு வரும் சிறுவனும் அக்கன்றின் நிலையிலேயே இருக்கின்றனர்.

மகாவம்சம் இதே கன்றுக் கதையை எல்லாளன் மீது ஏற்றிக் கூறுகிறது. அதனினும் நமது பொருளுக்கு இயைந்தது அங்கு வரும் மற்றொரு செய்தி. சேதியமலைப் பயணத்தில் மன்னனது தேரின் நுகம் ஒரு தூபியில் மோதியது. அது அவன் எண்ணிச் செய்ததன்று. எனினும், தேரினின்று இறங்கி வீதியிற் கிடந்து, தன் தலையையும் சில்லால் அறுக்குமாறு வேண்டினான். பின்னர், பெயர்ந்த 15 கற்களைச் செப்பனிட 15,000 கஹாபண நாணயம் செலவிட்டான். சேக்கிழாரிடத்தில் இறைவன் தோன்றிக் கன்றை எழுப்புகிறான். அற்புதம் கணக்கைத் தீர்த்துவிடுகிறது. இங்கோ அரசே கணக்குத் தீர்க்கிறது. உயிருக்கு உயிர் என்பதன்று, இப்பொறுப்பேற்பே நமக்கு வேண்டுவது.

இலங்கையில் 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம், அரச ஊழியர் இழைக்கும் தீங்குக்கு அரசையே பொறுப்பாக்கிற்று. அதற்கு முன்னர் ‘முடி’யை எதிர்த்து இத்தகைய வழக்குத் தொடுக்கவே இயலாதிருந்தது. தீய எண்ணத்தை நிறுவவேண்டுவதில்லை. உரிய கவனம் தவறியமையை நிறுவினாற் போதும். இங்கிலாந்தின் ஹடர்ஸ்பீல்ட் நகரில் 2008இல், போதைப்பொருள் விற்றதாகச் சந்தேகிக்கப்பட்டவனைப் பொலிஸார் மடக்கியபோது, வழியே சென்ற 76 வயது மூதாட்டி தள்ளுண்டு காயமுற்றார். வழிப்போக்கர்க்கு ஊறு நேருமென முன்னுணரக்கூடிய இடத்தில் பொலிஸாரும் பிறரைப் போலவே பொறுப்பாளர் என அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது.

ஆயினும், உரிமை ஏட்டில் இருப்பது வேறு, கைக்கெட்டுவது வேறு. அடிப்படை உரிமை மனுவைப் பொதுவாக ஒரு மாதத்துள் கொழும்பு உயர் நீதிமன்றில் இடவேண்டும். ஏறத்தாழ 260 கிலோமீற்றருக்கு அப்பால் கால் முறிந்து கிடக்கும் கூலித் தொழிலாளிக்கு அம்மாதம் வைத்தியசாலைக் கட்டிலிலேயே கழிந்துவிடும். நட்டஈட்டு வழக்குக்கு இரண்டாண்டு அவகாசம் உண்டு. ஆனால், நிகழ்ந்ததை முதலில் ஏட்டில் எழுதுபவர் பொலிஸாரே. 2016 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் குளப்பிட்டியில் இரு பல்கலைக்கழக மாணவர் இறந்தமை முதலில் வீதி விபத்தென்றே கூறப்பட்டது. ஒருவரின் உடலில் துப்பாக்கிச் சூட்டுக்காயம் இருந்தமை பின்னரே வெளிப்பட்டது.

எல்லாளன் படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணி தொங்கியதாம்; அதன் கயிறு நீண்டதாம். மன்னன் மனம் நல்லதாயிருந்தமையால் அது ஒலித்தது. மக்களாட்சியில் நீதி ஒருவர் மனத்தைப் பொறுத்ததாயிருத்தல் ஆகாது. துரத்தலுக்கு வெளிப்படையான விதிகள், பொலிஸார் அல்லாதார் நடத்தும் விசாரணை, ஏழைக்கு அவன் ஊரிலேயே சட்ட உதவி: இம்மூன்றும் கிட்டும்வரை, நமது சட்டத்தில் மணி உண்டு, கயிறுதான் எட்டவில்லை.