கல்லறைப் பொறிப்பும் குடிவழி ஆராய்ச்சியும்

சென்னை மாகாணத்துக் கல்லறைப் பொறிப்புகளைத் தொகுத்து ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-இல் வெளியிட்ட பட்டியல், ஐரோப்பியர் குடிவழி ஆராய்வார்க்கு இன்றும் முதற் கருவியாகும். எனினும், வரலாற்றுச் சிறப்போ தொல்பொருட் சிறப்போ உடையவற்றையே கொள்வதாக அந்நூல் தன் தலைப்பிலேயே எல்லை வகுத்துக்கொண்டது. ஆகவே, அதிற் பெயர் காணப்பெறாதவர்க்குக் கல்லறையே இல்லை எனத் துணிதல் பொருந்தாது.

கல் கிடக்கும் இடத்தைச் சான்றாகக் கொள்வது இதனினும் இடர்ப்பாடுடையது. புனித ஜார்ஜ் கோட்டையின் மரியன்னை ஆலயத்தைச் சுற்றிப் பதித்துள்ள கற்களுட் பெரும்பாலன வேற்றிடத்தன. 1758-59 முற்றுகையிற் பிரெஞ்சுப் படையினர் பழைய இடுகாட்டுக் கட்டடங்களை மறைவிடமாகக் கொண்டனர். பின்னர் அவை இடிக்கப்பட்டுக் கற்கள் மட்டும் ஆலய முற்றத்தை அடைந்தன. அங்கே அருகருகே கிடக்கும் கற்களைக் கொண்டு உறவு காண்பார் ஏமாறுவர்.

இடிபாட்டிற்குத் தப்பியவற்றுள் ஒன்றில் ஜோசப் ஹின்மர்ஸும், பின்னர் ஆளுநரான எலிகு யேலின் இளமகன் டேவிட்டும் ஒருங்கே அடங்கினர். வேறு குடிப்பெயருடைய இவ்விருவரையும் இணைத்தது யாது? விடை ஆலயத்துத் திருமணப் பதிவேட்டில் உள்ளது. ஹின்மர்ஸின் கைம்பெண் காதரீனை யேல் 1680 நவம்பர் 4-இல் மணந்தார். அவ்வேட்டின் முதற் பதிவும் அதுவே. தாயின் முதற் கணவர் அடங்கிய இடத்திலேயே மகனும் அடக்கம் பெற்றான். கல்லும் ஏடும் ஒருங்கு நோக்கப்படாவிடின் இவ்வுறவு புலனாகாது.

ஆண்டுக் கணக்கும் கருதத்தக்கது. 1752-க்கு முன் ஆங்கிலேயர் ஆண்டு மார்ச்சு 25-இல் தொடங்கியமையின், சனவரி, பிப்ரவரி மாதப் பொறிப்புகளில் ஓராண்டு வேறுபாடு நேரும். பட்டியலைப் பயன்கொள்வார் அவற்றைத் தனித்தனியே கணித்துக்கொள்ளுதல் வேண்டும்.