மயனும் மாயாவும்: பெயர் ஒன்றானால் போதுமா?

மாமல்லபுரம் பற்றிப் பேச்சு வந்தால் போதும், யாராவது ஒருவர் "மெக்சிகோவுல காட்டுக்குள்ள இருக்கிற மாயா கோயில்கள் நம்ம மயன் கட்டினதுதான் சார்" என்று ஆரம்பித்துவிடுவார்.

இந்தக் கருத்தைப் பரப்பியவர் சாதாரண ஆள் அல்ல. குமரியின் 133 அடி திருவள்ளுவர் சிலையை வடித்த கணபதி ஸ்தபதி. மாமல்லபுரம் சிற்பக் கல்லூரிக்குத் தலைமை ஏற்றவர். 1990களில் மாயா இடிபாடுகளை நேரில் பார்த்துவிட்டு, அளவு முறையும் கட்டட அமைப்பும் நம் மரபுதான் என்றார். கல்லைப் பற்றி அவர் சொன்னால் கைகட்டிக் கேட்பேன். ஆனால் இது வரலாறு. இங்கே ஆதாரம் வேண்டும்.

முதலில் பெயர். இரண்டு கோப்புகளுக்கு ஒரே பெயர் இருந்தால் உள்ளடக்கமும் ஒன்றாகிவிடுமா? 'மாயா' என்பது பல மொழிகள் பேசும் மக்களுக்குப் பிற்காலத்தில் பொதுவாக வழங்கிய பெயர்.

அடுத்து அளவு. ஓர் அலகை எடுத்து, அதன் பாதி, கால், எட்டில் ஒன்று எல்லாம் சேர்த்துக்கொண்டால் என் வீட்டுச் சமையலறைகூடப் பொருந்தும்.

மூன்றாவது வேலைமுறை. பலேங்கே நகரை ஆண்ட பக்கால் (615–683) நம் மாமல்லனின் (630–668) சமகாலத்தவர். அங்கே உலோகக் கருவி இல்லாமல் சுண்ணாம்புக்கல்லை அடுக்கிக் கட்டினார்கள். இங்கே இரும்பு உளியால் கருங்கல் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்தார்கள். இரண்டும் ஒரே பள்ளியா?

மாயா எழுத்துக்கு 1952இல் யூரி நொரோசோவ் வழி திறந்தார். இன்று பெரும்பகுதியை வாசிக்க முடிகிறது. தங்கள் அரசர்களின் பிறப்பு, முடிசூட்டு, போர் எல்லாம் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களின் வாரிசுகள் குவாத்தமாலாவிலும் மெக்சிகோவிலும் லட்சக்கணக்கில் வாழ்கிறார்கள். அவர்கள் முன்னோர் உழைப்பை மயன் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்? நம் கோயில்களை யாரோ வெளியூர்க்காரன் கட்டினான் என்றால் நாம் சும்மா இருப்போமா?

இடிபாடு பார்க்க ஆசையா? மாமல்லபுரத்துக்கு வடக்கே சுமார் 5 கி.மீ.யில் சாளுவன்குப்பம். 2004 சுனாமி மணலை அரித்தபோது பாறையில் கல்வெட்டுகள் தெரிந்தன. திருவிழிச்சில் என்ற ஊரின் முருகன் கோயிலைப் பற்றி அவை பேசின. தொல்லியல் துறை தோண்டியது. பல்லவர் காலக் கட்டுமானத்துக்கு அடியில் இன்னும் பழைய செங்கல் கோயில் கிடைத்தது. அது சங்க காலம் என்கிறார்கள் அகழ்ந்தவர்கள். ஏற்கலாம், மறுக்கலாம். செங்கல்லும் மண் அடுக்கும் கண்முன்னே இருப்பதால்தான் அந்த விவாதமே சாத்தியம்.

புலிக்குகை வரை போகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் இந்தக் கோயிலைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். நம் பெருமைக்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை, கொஞ்சம் மணலில் நடந்தால் போதும்.