ஆடவல்லாரும் ஆட்டுவிக்கவல்லாரும்

கூடைப்பந்தாட்டத்தை உலகிற்கு அளித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஓர் ஆசிரியர். 1891ஆம் ஆண்டு மாரிக்காலத்தில், அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரிலே, குளிரினால் வெளியே சென்று விளையாட இயலாத மாணவர்க்காக இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி அவர் தொடக்கிய ஆட்டமே இன்று உலகெங்கும் பரந்துள்ளது. பின்னர் அவர் கன்சாஸ் பல்கலைக்கழகத்திற் பணியேற்று, 1898 முதல் 1907 வரை அங்குள்ள அணியை நடத்தினார். வென்ற ஆட்டங்கள் 55, தோற்றவை 60. அப்பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் வரிசையில் வெற்றியினும் தோல்வி மிகுந்தவர் அவர் ஒருவரே. ஆட்டத்தைப் படைத்தவர்க்கே இந்நிலை. இவ்வாட்டத்தை ஆடுவதன்றிப் பயிற்றுவதற்கு ஒன்றுமில்லை என்பதே அவர் கருத்து என்பர். அதனைப் பயிற்றுதல் தனியொரு கலையென நாட்டியவர் அவருடைய மாணாக்கராகிய பொக் அலன் ஆவார்.

ஆட்டம் வேறு, ஆட்டத்தைக் கற்பித்தல் வேறு என்னும் இவ்வுண்மையை மறந்தவிடத்தே இரசிகனின் மனவெதும்பல் பிறக்கின்றது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தில் அவ்வெதும்பல் ஆண்டுதோறும் கேட்கப்படும் ஓசை. கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை முப்பது ஆட்டங்களளவில் ஓரணி ஆடுகின்றது. காண்போரிற் பலர் அக்கல்லூரியின் பழைய மாணவர், ஏனையோர் அவ்வூரார். தோல்வி தொடருமாயின் அவர்களுடைய முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றே: பிள்ளைகள் கெட்டிக்காரர், பயிற்றுநர்தான் பிழை. இம்முறைப்பாடு நேரிய திறனாய்வா, அன்றித் தோல்வியினாற் பிறந்த வெகுளியா என்பதே ஈண்டு ஆராயற்பாலது. இரண்டுக்கும் எடுத்துக்காட்டு ஒரே கல்லூரியிற் கிடைக்கின்றது. அது வாஷிங்ரன் நகரில் உள்ள, இயேசு சபையைச் சார்ந்த ஜோர்ஜ்ரவுண் பல்கலைக்கழகம்.

1972இல் ஜோன் தொம்சன் அங்கே பயிற்றுநராய் வந்தபோது, அணி அதற்கு முந்திய பருவத்தில் 3 ஆட்டங்களை வென்று 23இல் தோற்றிருந்தது. தொம்சன் பெரும் ஆட்டக்காரர் அல்லர். பொஸ்ரன் செல்ரிக்ஸ் அணியில் இரண்டாண்டுகள், பில் ரசல் என்னும் மாவீரருக்குப் பதிலாளாக, ஆடியதிலும் இருக்கையில் இருந்து பார்த்ததே மிகுதி. அதன்பின் அந்நகரத்து உயர்பள்ளி ஒன்றிற் சிறுவரைப் பயிற்றியவர். 1975இல் அவரது அணி தொடர்ந்து தோற்றபோது, ஆட்டம் நடந்த மண்டபத்தின் சாளரத்தில் ஒரு படுக்கைவிரிப்புத் தொங்கவிடப்பட்டது. அவரை நீக்குக என்பதோடு, அவர் கறுப்பினத்தவர் என்பதைக் குறித்த இழிசொல்லும் அதில் எழுதப்பட்டிருந்தது. அதுவும் இரசிகர் முறைப்பாடுதான். அப்பருவம் முடிவதற்குள், 1943இன் பின் முதன்முறையாக, அவ்வணி தேசியச் சுற்றுப்போட்டிக்குத் தகுதி பெற்றது. 1984இல் தொம்சன் தேசிய வெற்றிக் கிண்ணத்தைக் கொணர்ந்தார். கறுப்பினப் பயிற்றுநர் ஒருவர் அதனைப் பெற்றது அதுவே முதன்முறை. விரிப்பை எழுதியவர் ஆட்டத்தைப் பார்த்து எழுதவில்லை, மனிதரைப் பார்த்து எழுதினார் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அவ்வெற்றியின் நடுத்தூணாய் நின்றவர் பற்றிக் யூயிங். யமேக்காவிற் பிறந்து, சிறுவனாய் அமெரிக்கா சேர்ந்து, 1981 முதல் 1985 வரை ஜோர்ஜ்ரவுணுக்கு ஆடியவர். அந்நான்காண்டில் மும்முறை அவ்வணி தேசிய இறுதியாட்டம் வரை சென்றது. பின்னர் பதினைந்து பருவங்கள் நியூ யோர்க் நிக்ஸ் அணியின் பெயரே அவர் பெயராய் நிலவியது. 2017இல், தொம்சனின் மகன் பயிற்றுநர் பதவியினின்று நீக்கப்பட்டவிடத்து, யூயிங் அப்பதவிக்கு அழைக்கப்பட்டார். பழைய மாணவரின் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. தொழின்முறை அணிகளிற் பல ஆண்டு துணைப் பயிற்றுநராய் இருந்த அனுபவம் அவருக்கு உண்டு. ஆனால், ஓரணிக்குத் தலைமைப் பயிற்றுநராய் அவர் அதற்குமுன் இருந்ததில்லை. கல்லூரி மாணவரைப் பயிற்றியதும் இல்லை. வரவேற்றோர் இவற்றைப் பொருட்படுத்தவில்லை.

ஆறு பருவங்களின் கணக்கு வெளிப்படை: 75 வெற்றி, 109 தோல்வி. இடையே ஒரு மின்னல் தோன்றியது. 2021இல், தம் கூட்டமைப்பின் சுற்றுப்போட்டியில் எட்டாந் தரத்தில் இருந்த அணி, நான்கு நாளில் நான்கு ஆட்டங்களை வென்று, இறுதியிற் கிறெய்ற்றன் அணியை 73–48 என வீழ்த்தியது. யூயிங் ஆட்டக்காரராய்ப் புகழ்பெற்ற அதே நியூ யோர்க் மண்டபத்தில் அது நிகழ்ந்தமையாற் பலர் கண்கலங்கினர் என்பதில் வியப்பில்லை. அடுத்த பருவத்திற் கூட்டமைப்பின் 19 ஆட்டங்களில் ஒன்றுதானும் வெல்லப்படவில்லை. கூட்டமைப்பு ஆட்டங்களில் 29 தோல்விகள் தொடர்ந்தபின், 2023 தை மாதத்திலேதான் டீபோல் அணியை வென்று அத்தொடர் அறுபட்டது. அவ்வாண்டு பங்குனியில் யூயிங் நீக்கப்பட்டார்.

இங்கே இரசிகனின் முறைப்பாடு நேரியதே. ஆயினும் அதன் நேர்மை தோல்வியின் தொகையில் இல்லை. எண்ணை மட்டும் நோக்குவதாயின், 1975இல் விரிப்பைத் தொங்கவிட்டவர் கையிலும் ஓர் எண் இருந்தது அன்றோ? கற்பித்தல் நடைபெறுகின்றதா என்பதைப் பார்வையாளன் வேறு குறிகளாற் காணவேண்டும். எறிந்த பந்து கூடையில் விழாமை பயிற்றுநரின் குற்றமன்று. வல்லவன் எறிந்தாலும் பாதிக்கு மேல் விழாத நாளும் உண்டு. ஆனால், இவ்வாட்டத்தில் மிகப் பரவலாக வழங்கும் ஓர் உபாயத்தை நோக்குக. பந்துடையவனைக் காப்பவனின் வழியில் மற்றொருவன் வந்து மரம்போல் நின்று மறிக்கின்றான். பந்துடையவன் அம்மறைவைச் சுற்றி ஓடுகின்றான். மறித்தவனும் உடனே திரும்பிக் கூடையை நோக்கிப் பாய்கின்றான். காவலர் இருவரும் கண்ணிமைப்பொழுதில் ஒரு முடிபுக்கு வரவேண்டும்: தத்தம் ஆளை மாற்றிக் கொள்வதா, முந்திய ஆளையே துரத்துவதா, இருவரும் பந்தின்மேற் செல்வதா என்பது. இருவரும் வெவ்வேறாகத் துணிந்தால் ஒருவன் காவலின்றி நிற்பான். இத்துணிவு ஆடுகளத்திற் பிறப்பதன்று. பயிற்சிக் கூடத்தில் நூறுமுறை ஆடி ஆடி உடம்பில் ஊறுவது. கார்த்திகையில் இதிற் பிழைத்தல் இளையோர்க்கு இயல்பு. மாசியிலும் அதே இருவர் அதே இடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்பாராயின், பிழை அவ்விருவரது அன்று. இடைநிறுத்தம் கேட்டுப் பயிற்றுநரைச் சூழ்ந்து நின்று மீண்ட ஐவர், செய்யவேண்டியது யாதென அறியாது பந்தைக் கைமாற்றிக்கொண்டு நிற்பதும் அத்தகையதே. இவற்றைக் குறித்துச் சொல்லும் இரசிகன் திறனாய்வாளன். ‘நீக்குக’ என்று மட்டும் கூவுவோன், தன் கூற்று உண்மையானபோதும், திறனாய்வாளன் ஆகான்.

பெருவீரர் ஏன் நல்லாசிரியர் ஆகாது போகின்றனர் என்பதற்கு விடைகாணத் தமிழ் மாணவன் தொலைவு செல்லவேண்டியதில்லை. நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியர் அல்லாதாரைக் கூறுமிடத்துப் பருத்திக் குண்டிகையை உவமையாக்குகின்றது. வாய் குறுகிய குண்டிகையில் அடைத்த பஞ்சு உள்ளே செல்வதும் சிறிது சிறிதாய். வெளியே வருவதும் சிறிது சிறிதாய். உள்ளே பஞ்சு இல்லை என்று எவரும் கூறார், நிறைய உண்டு. யூயிங்கின் உடம்பிலே தற்காப்பின் நுட்பம் அனைத்தும் அடங்கியிருந்தது. ஏழடி உயரமும், இளமையில் தொம்சனிடம் பெற்ற பயிற்சியும், இயற்கை கொடுத்த விரைவும் சேர்ந்து, அவருக்கு அது எண்ணாமலே நிகழும் செயலாயிற்று. எண்ணாமற் செய்வதை எண்ணிச் சொல்லுதல் அரிது. ஆறடி உயரமுள்ள இடைத்தர மாணவன் ஒருவனுக்கு வேண்டுவது அவ்வரிய செயலே. இருக்கையில் இருந்து ரசலை இரண்டாண்டு பார்த்துக்கொண்டிருந்த தொம்சனுக்கோ, அதனைப் பகுத்தறிந்து சொல்லாக்க நேரம் இருந்தது.

பெருவீரர் எல்லாரும் அவ்வாறே என்று முடிவுகட்டுதலும் பிழை. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கு 1964 முதல் 1975 வரை பத்துத் தேசிய வெற்றிகளை ஈட்டிய ஜோன் வுடன், தம் மாணவப் பருவத்திற் சிறந்த ஆட்டக்காரர். ஆயின் அவர் பதினோராண்டு உயர்பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே சிறுவரைப் பயிற்றியவர். பருவத்தின் முதற் பயிற்சிநாளில், காலிற் கொப்புளம் எழாவண்ணம் காலுறை அணியும் முறையைத் தேர்ந்த ஆட்டக்காரர்க்கும் செய்துகாட்டியவர். அவருடைய இறுதிப் பருவத்தில் இரு கல்வி உளவியலாளர், தார்ப், கலிமோர் என்போர், பயிற்சிக்கூடத்தில் இருந்து அவர் கூற்றுக்களைக் குறித்தெடுத்தனர். 2,326 கூற்றுக்களில் ஏறத்தாழ முக்காற்பங்கு இன்னதை இவ்வாறு செய்க என்னும் அறிவுறுத்தல். புகழ்ச்சி நூற்றுக்கு ஏழளவு, கடிந்துரையும் அவ்வளவே. எழுச்சியுரையும் ஆரவாரமுமே பயிற்றுநரின் தொழில் என எண்ணுவோர் இக்கணக்கைக் கருதல் நன்று. ஆசிரியராயினோர்க்கும் அது பயன்படும். அத்தகைய வுடனுக்கும் முதல் தேசிய வெற்றி கிட்டியது அவருடைய பதினாறாம் பருவத்தில். இன்றைய இரசிகன் அத்துணைக் காலம் பொறுப்பான் என்று கூறுதல் அரிது.

பயிற்றுநர் தரப்பிற் சொல்லத்தக்கது ஒன்று உண்டு. 2021 முதல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர் ஓராண்டு காத்திராமலே வேறு கல்லூரிக்கு மாறி உடனே ஆடலாம்; தம் பெயராற் பணம் ஈட்டவும் அவ்வாண்டே வழி திறந்தது. நான்காண்டு ஒருவனை வைத்துப் பயிற்றிய தொம்சன் காலம் கழிந்துவிட்டது. எனினும், மாணாக்கர் விட்டுப் போதல் யூயிங்குக்கு அதற்கு முன்னரே தொடங்கியது. 2019 மார்கழியிற் பருவத்தின் நடுவிலேயே சிலர் அணியை நீங்கினர்.

லூயிவில் பல்கலைக்கழகத்துக் கதையும் இதனை ஒத்ததே. 1986இல் தேசிய வெற்றி பெற்ற அணியின் உறுப்பினர் கெனி பெய்ன், 2022இல் பயிற்றுநராய் அழைக்கப்பட்டார். இரண்டு பருவங்களில் 12 வெற்றியும் 52 தோல்வியும். அவர் நீங்க, பற் கெல்சி என்பார் ஏற்றுக்கொண்ட முதற் பருவத்திலேயே 27 வெற்றி, 8 தோல்வி. இதனைக் காட்டிப் பயிற்றுநரை மாற்றின் எல்லாம் மாறும் என்பார் பலர். கெல்சி அணியையே ஏறக்குறைய முற்றாகப் புதிதாகக் கூட்டினார் என்பதை அவர்கள் சொல்வதில்லை. ஆட்களைத் தேர்தலும் பயிற்றுநரின் பணியே. ஆயின் அது கற்பித்தலின் வேறு.

இரசிகனின் பங்கும் இதில் உண்டு. யூயிங்கை அழைத்த பல்கலைக்கழகத்தார் தம் விருப்பால் மட்டும் அழைத்தாரல்லர். 1984ஐ மீண்டும் காண விழைந்த கூட்டத்தின் விருப்பையும் நிறைவேற்றினர். முதல் நான்கு பருவங்களிற் குறை சொல்லத் தயங்கியதும் அக்கூட்டமே. சிலையாய் நிறுத்தத்தக்கவரைச் சிறுவர்முன் ஆசிரியராய் நிறுத்திவிட்டுப் பின்னர் அவர்மேற் சினந்தமை அவருக்கும் நீதியன்று. அவர்கீழ் ஆடி, தோற்ற பெயரோடு கல்லூரியை நீங்கிய மாணவர்க்கோ சிறிதும் நீதியன்று.

யூயிங்கின்பின் வந்த எட் கூலி, வேறு கல்லூரிகளிற் பல்லாண்டு தலைமைப் பயிற்றுநராய்ப் பழகியவர். அவருடைய முதற் பருவத்திற் கூட்டமைப்பு ஆட்டங்களில் 2 வெற்றி, 18 தோல்வி. யூயிங்கின் இறுதிப் பருவத்தில் இருந்த அதே எண். இரண்டாம் பருவத்தில் மொத்தம் 18 வெற்றி, 16 தோல்வி.