ஊற்றும் விதமும் வார்ப்படத்தின் வலிமையும்

ஆடை படிந்த பாலை உயரத் தூக்கி ஆற்றிப் பாருங்கள். ஆடை கிழிந்து, மடிந்து, பாலுக்குள் கலந்துவிடும். பாலை வடிகட்டலாம். வார்ப்படத்தில் உறைந்துவிட்ட ஆடையை என்ன செய்வது? பர்மிங்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் கேம்பெல் 2004-இல் வெளியிட்ட "காஸ்டிங்ஸ் பிராக்டிஸ்" என்னும் நூலின் பத்து விதிகளுக்குள் மையமாக நிற்பது இக்கேள்வியே.

உருகிய அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டதும் ஆக்சைடு படலம் தோன்றுகிறது. உலோகம் கொந்தளித்தால் படலம் மடிகிறது. உலர்ந்த இரு புறங்களும் எதிரெதிரே படிந்தாலும் ஒட்டுவதில்லை, அதுவே விரிசல். மிக மெல்லியதாதலால் எக்ஸ்-கதிர்ச் சோதனைக்கும் எளிதில் அகப்படாது.

எவ்வளவு வேகம் தாங்கும்? விநாடிக்கு சுமார் 0.5 மீட்டர் என்கிறார் ஆசிரியர். v² = 2gh என்னும் சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள்: 13 மி.மீ. உயரத்திலிருந்து விழுந்தாலே இவ்வேகம் வந்துவிடும்! ஒட்டாத தட்டின்மேல் பரப்பு இழுவிசை தாங்கி நிறுத்தும் அலுமினியத் துளியின் உயரமும் ஏறக்குறைய இதுவே. 10 செ.மீ. விழுந்தால் வேகம் 1.4 மீட்டர். ஆகவே அச்சைக் கீழிருந்து நிரப்பினால் மட்டும் போதாது. இறங்கு குழாயில் பெற்ற வேகத்தை நுழைவாயிலுக்கு முன்பே தணிக்க வேண்டும். அல்லது காஸ்வொர்த் முறையைப் போல், பம்பின் உதவியால் உலோகத்தை மெல்ல மேலேற்ற வேண்டும்.

சராசரி வலிமை நம்மை ஏமாற்றும் என்பதையும் இங்கு உணரலாம். பத்துத் தண்டுகளும் 250 மெகாபாஸ்கல் தாங்குவதாகக் கொள்வோம். வேறொரு தொகுதியில் ஒன்பது 265-உம் ஒன்று 115-உம் தாங்கட்டும். சராசரி ஒன்றே. ஆனால் வண்டிச் சக்கரத்திற்கு எந்தத் தொகுதியை நம்புவீர்கள்?

குறையும் உண்டு. ஏறக்குறைய எல்லாப் பழியையும் ஆசிரியர் படலத்தின் மேலேயே சுமத்துகிறார். நுண்துளைகளுக்குப் படலம் வித்தாகலாம். ஆயினும் அவற்றை ஊதிப் பெருக்குவது கரைந்துள்ள ஹைட்ரஜனே. வாயு நீக்கத்தைப் புறக்கணிக்க இயலாது. வார்ப்பிரும்பின் பரப்பில் தோன்றும் படலமோ வேறு வகையானது, 0.5 என்ற எண்ணை மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவர் இவ்வேறுபாட்டைக் கோட்டைவிடக்கூடும்.

எனினும் இந்நூல் படிக்கத்தக்கதே. பள்ளியில் நாம் கற்ற ஒரு சமன்பாடு, சில விநாடி ஊற்றலில் ஒரு பொறியின் ஆயுளையே முடிவு செய்கிறது என்பதை இது ஐயமற உணர்த்துகிறது.