திரையில் பாட்டுத் தாள்: புள்ளி படும் பாடு

செஞ்சிக் கோட்டை என்றதும் தேசிங்கு ராஜனை நினைக்காத தமிழர் குறைவு. 1714-இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு போரிட்டு மாண்ட அந்த இளைஞனின் கதையை மக்கள் பாட்டாகப் பாடி வைத்தார்கள். பிற்காலத்தில் அது 'பெரிய எழுத்து' நூலாக அச்சேறியது. அட்டையிலேயே எழுத்தின் அளவைச் சொல்லி விற்ற நூல்கள் அவை. காரணம் எளிது. ஒருவர் உரக்கப் படிப்பார், பலர் சுற்றியிருந்து கேட்பார்கள். வெளிச்சமோ மண்ணெண்ணெய் விளக்கு. தன் நூல் எங்கே, எப்படிப் படிக்கப்படும் என்பதை அச்சகத்தார் அறிந்திருந்தார்.

இன்று பாட்டையும் சுரக்குறிப்பையும் கணிப்பொறியில் தாளாக்கிப் பரப்புகிறவர்களில் பலர் அந்த அளவுக்குக்கூட நம்மை நினைப்பதில்லை. இதுவே இக்கட்டுரையின் குறை. திரைக்கு வந்ததால் பாட்டு எளிதாகக் கிடைக்கிறது; தேடலாம், பெரிதாக்கலாம். நன்மைதான். ஆனால் கிடைத்த தாளை வைத்துக்கொண்டு பாட முடிகிறதா?

முதலில் அளவைப் பார்ப்போம். பெரும்பாலான பாட்டுத் தாள்கள் ஏ4 அளவில், அதாவது 210 மில்லிமீட்டர் அகலத்தில், பி.டி.எஃப். கோப்பாக வருகின்றன. 1993-இல் வெளிவந்த இந்தக் கோப்பு முறையின் நோக்கமே, எந்தக் கருவியிலும் பக்கம் மாறாமல் தெரிய வேண்டும் என்பதுதான். அச்சுக்கு அது வரம். கைபேசித் திரையின் அகலமோ ஏறத்தாழ 70 மில்லிமீட்டர். ஆகவே பக்கம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். 12 பாயிண்ட் எழுத்து 4 பாயிண்ட் ஆகிவிடும். உயரம் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கண் மருத்துவரின் அட்டையில் இயல்பான பார்வைக்குரிய வரி, ஆறு மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 8.7 மில்லிமீட்டர் உயரம் உள்ளது. அதே கணக்கில், தாங்கியில் முக்கால் மீட்டர் தள்ளி நிற்கும் கைபேசியில் 1.1 மில்லிமீட்டர் எழுத்தே பார்வையின் எல்லை. எல்லையில் நின்று யாரும் பாட முடியாது; அதைப்போல மூன்று மடங்காவது வேண்டும். 'ணூ', 'ஞை' போன்ற சுழிகள் நிறைந்த எழுத்துகளுக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகவே வேண்டும்.

பரிகாரம் கடினமன்று. சொற்செயலியில் பக்கத்தின் அளவை ஏ4 என்று விடாமல் 90-க்கு 160 மில்லிமீட்டர் என மாற்றி, ஓரங்களை 4 மில்லிமீட்டராகக் குறைத்து, எழுத்தை 16 பாயிண்டில் வைத்துக் கோப்பாக்குங்கள். கைபேசியில் அது ஏறத்தாழ 12 பாயிண்டாகத் தெரியும். பக்கம் கூடும், கூடட்டுமே, காகிதச் செலவா ஆகிறது?

அளவைவிடப் பெரிய சிக்கல் தமிழுக்கே உரியது. சுரக்குறிப்பில் மேல் ஸ்தாயியைக் காட்ட எழுத்தின் தலையில் ஒரு புள்ளியும், கீழ் ஸ்தாயியைக் காட்ட அடியில் ஒரு புள்ளியும் இடுவது மரபு. தமிழில் தலைப்புள்ளி ஏற்கெனவே ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது: அது மெய்யெழுத்தின் அடையாளம். சரளி வரிசையின் முதல் வரியிலேயே, எட்டாவது எழுத்தான மேல் 'ச', பார்வைக்கு 'ச்' ஆகிவிடுகிறது! சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' தெலுங்கு எழுத்தில் அமைந்தது. தெலுங்கில் மெய்யைக் காட்டத் தலைப்புள்ளி இடுவதில்லை என்பதால் அங்கே இந்தக் குழப்பம் இல்லை. தமிழ் அச்சு நூல்களில் ஆசிரியர் பக்கத்தில் இருந்தார், திருத்தினார். கைபேசியை மட்டும் நம்பிக் கற்கும் மாணவிக்கு யார் சொல்வது?

தட்டச்சில் இது மேலும் கெடுகிறது. ஒருங்குறியில் மெய்ப்புள்ளியும், எழுத்தின் மேல் ஒட்டும் பொதுப் புள்ளியும் வெவ்வேறு குறிகள். விசைப்பலகையில் மெய்ப்புள்ளியே கைக்கு எட்டுவதால் பலர் அதையே அடித்துவிடுகிறார்கள். 'ச'-வில் தப்பிக்கலாம். 'ரி', 'நி' ஆகியவற்றின்மேல் அடித்தால் பல கருவிகளில் எழுத்தை அடுத்து ஒரு புள்ளிவட்டம் முளைக்கும். மென்பொருளைப் பொறுத்தவரை அது பிழையான எழுத்து. பார்வையற்றோருக்கு உரையை வாசிக்கும் மென்பொருளும் மேல் 'ச'-வை மெய்யாகவே எடுத்துக்கொள்ளும்.

வரி இடைவெளியும் இதோடு சேர்ந்தது. சுர வரிக்குக் கீழே சாகித்திய வரி வரும். நெருக்கி அடித்தால், மேலே உள்ள 'நி'-யின் அடிப்புள்ளி கீழே உள்ள எழுத்தின் தலையில் போய் உட்காரும். 'க' என்ற எழுத்து 'க்' ஆகும். சுரமோ கீழ் ஸ்தாயியை இழந்துவிடும். ஒரு புள்ளி, இரண்டு பிழை. வரி இடைவெளியை ஒன்றரை என்று வைத்தாலே இது பெரும்பாலும் தீரும். ஏன் வைப்பதில்லை? ஒரே பக்கத்தில் பாட்டை அடக்கிவிட வேண்டும் என்ற ஆசைதான்!

இனி நேர்நிரை. சுரத்தின் கீழ் அதற்குரிய சொல் நிற்க வேண்டும். இடைவெளி விசையைத் தட்டித் தட்டி நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. எல்லா எழுத்தும் ஒரே அகலமாயிருந்தால் அது செல்லும். 'ர'-வுக்கும் 'ணௌ'-வுக்கும் அகலம் ஒன்றா? எழுத்துரு மாறிய உடனே வரிசை குலைந்து, சொல் ஒரு பக்கம், சுரம் ஒரு பக்கம் என்று போய்விடும். அட்டவணை ஒன்றை இட்டு, ஓர் அட்சரத்துக்கு ஒரு கட்டம் என்று வைத்து, சுரத்தையும் சொல்லையும் அதே கட்டத்தில் எழுதுவதே முறை. மெல்லிசை மேடையில் கிட்டார் வாசிப்போருக்கு 1990-களில் தோன்றிய 'கார்டுப்ரோ' முறை உண்டு. அதில் கார்டின் பெயரைப் பாட்டுச் சொல்லுக்குள்ளேயே அடைப்பில் எழுதுவார்கள். மென்பொருள் அதைச் சரியான எழுத்தின்மேல் தூக்கி வைக்கும். நல்ல முறை. ஆனால் தமிழில் அடைப்பை எழுத்துக்கு முன்னே இட வேண்டும். 'கொ'-வின் நடுவில், உயிர்க்குறிக்கு முன்னால் செருகினால் எழுத்தே உடைந்துபோகும்.

வரி மடங்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடங்கத்தான் செய்யும். ஆதி தாளத்தில் நான்கு, இரண்டு, இரண்டு என எட்டு அட்சரங்கள். திரை தன் போக்கில் ஐந்தாவது எழுத்தோடு மடக்கினால், 'ச ரி க ம ப' ஒரு வரி, 'த நி ச' மறுவரி. துருதம் நடுவில் அறுந்துவிட்டது. தாளம் போடும் கை தடுமாறும். நான்காவது எழுத்தில் நாமே மடக்கினால் இரு வரியும் நந்நான்காக நிற்கும். திரையின் விளிம்புக்கு லகு தெரியாது. தாளைச் செய்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதி அம்மன் விழாவின்போது விடிய விடியத் தெருக்கூத்து நடக்கும். கூத்துக் கலைஞர்களுக்குப் பாட்டு மனத்தில் இருக்கிறது, திரை வேண்டியதில்லை. அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் இளைஞருக்குத்தான் வேண்டும். இரவில் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு ஆடுகளத்தைப் பார்த்தால் சற்று நேரம் ஒன்றும் தெரியாது. விழித்திரை இருளுக்கு முழுதும் பழக இருபது, முப்பது நிமிடங்கள் ஆகும். கருப்புப் பின்னணியும் குறைந்த ஒளியும் இங்கே தேவை. தானாக நகரும் வசதியை மட்டும் நம்பாதீர்கள். அது ஒரே வேகத்தில் ஓடும். கட்டியங்காரன் நகைச்சுவைக்கு நின்றால் அது நிற்காது. பல்லவிக்குத் திரும்பவும் அதற்குத் தெரியாது. திரை தானே அணையும் நேரத்தை நீட்டி வைத்துக்கொள்ளுங்கள். பல கைபேசிகளில் அது முப்பது விநாடி. ஒரு விருத்தத்தின் பாதியில் இருட்டிவிடும்.