இரண்டு சென்டிமீட்டரும் இருபது கொண்டை ஊசி வளைவுகளும்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்ணுக்குத் தலைச்சுற்றலும் மூச்சிரைப்பும் வந்தால், ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். பெரும்பாலும் அது சரியான வைத்தியமே. ஆனால் அந்த மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும். இரைப்பையில் ரத்தம் கசிந்தாலும் மலம் கறுப்பாகத்தான் போகும். மாத்திரை தொடங்கும் முன்பே கறுப்பாகப் போனதா என்று கேட்காவிட்டால் முதல் தடயம் மறைந்துபோகும்.

அப்படிக் கசியும் அரிய கட்டிகளில் ஒன்று, இரைப்பை, குடல் சுவரில் வளரும் ‘ஜிஸ்ட்’ (GIST). ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ 10 முதல் 15 பேருக்கு வருகிறது. பாதிக்கு மேல் இரைப்பையில்.

சேலத்துக்கு இறங்கி எண்டோஸ்கோப்பி செய்தால் வழவழப்பான மேடு ஒன்று தெரியும். அதன்மேல் இருக்கும் சவ்வோ நன்றாகவே இருக்கும். கட்டி தசை அடுக்கில் ஒளிந்திருக்க, சிறு இடுக்கி கிள்ளியெடுப்பது மேல் சவ்வை மட்டுமே. ‘புற்றுநோய் இல்லை’ என்று வரும் அறிக்கை பொய்யல்ல, ஆனால் கட்டியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. நுனியில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய எண்டோஸ்கோப்பும் அதன் வழியே செல்லும் ஊசியும்தான் உண்மையைச் சொல்லும்.

வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோப் வழியே சவ்வுக்கடியில் அறுத்தெடுக்கும் முறையை 1990களில் ஜப்பானியர் வளர்த்தார்கள். தழும்பில்லை, கூலிவேலைக்கும் விரைவில் திரும்பலாம். இது பெரிய வரம். ஆனால் தசையைத் தோண்டும்போது இரைப்பை ஓட்டையாகலாம். அதைவிட மோசம், கட்டியின் உறை கிழிவது: செல்கள் வயிற்றறைக்குள் சிதறினால் நோய் திரும்பும் அபாயம் பலமடங்கு. வெளிப்புறமாக வளர்ந்த கட்டிக்கு, வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியே நல்லது.

இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்த, சந்தேகக் குறிகளற்ற கட்டியைக் குறிப்பிட்ட இடைவெளியில் பார்த்துவந்தால் போதும் என்பது பரவலான வழக்கம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இது பொருந்தும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக் கிராமத்திலிருந்து நடந்து, பஸ் பிடித்து, இருபது வளைவுகள் இறங்கி, ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலியை இழப்பவர் எத்தனை ஆண்டு வருவார்? ஜிஸ்ட் என்று உறுதியான சிறு கட்டியைக் கண்காணிப்பதற்குப் பதில் எண்டோஸ்கோப்பியில் நீக்கலாம் என ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கமும் 2022இல் இடம் கொடுத்தது. தேர்ந்த கை கிடைத்தால், மலைவாசிக்கு அதுவே நியாயமான வழி.

கட்டி பெரிதாகவும் செல்கள் வேகமாகப் பிரிவதாகவும் இருந்தால் மூன்றாண்டு இமாட்டினிப் மாத்திரை தேவைப்படும். இந்த மருந்துக்காக நோவார்ட்டிஸ் நிறுவனம் கொடுத்த காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. இந்திய நிறுவனங்களின் மலிவான மாத்திரை அதனால் நிலைத்தது. ஆனால் இரைப்பை ஜிஸ்ட்களில் ஒரு பகுதி, மரபணுப் பிறழ்வின் வகையால், இந்த மருந்துக்குக் கட்டுப்படாது. முன்கூட்டியே மரபணுப் பரிசோதனை செய்யாவிட்டால் அத்தகைய நோயாளிகளுக்கு மூன்றாண்டு மாத்திரையும் வீண்.